தவளை இல்லை என்று எழுதியவனுக்கு

நேற்று மாலை செல்வி வந்திருந்தாள். உன் இரும்புப் பெட்டியை ஒழிக்கும்போது கிடைத்ததாம், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். அவள் பையின் முடிச்சை அவிழ்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. போயிலை நாற்றம். இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்தும் அது போகவில்லை.

"இன்னாண்ணா இது? காலுறை மாதிரியும் கீது, தலகாணி உறை மாதிரியும் கீது. தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

முழங்கால் வரைக்கும் ஏறும் காடாத்துணிக் காலுறை. மேலே நாடா. ஒன்றில் உன் ரத்தக் கறை பழுப்பாக ஒட்டிக் கிடக்கிறது. உன் மனைவிக்கு நீ இதைப் பற்றிச் சொன்னதே இல்லை போலிருக்கிறது. "இது அட்டை கடிக்காம இருக்கப் போடுறதும்மா, மலேசியாக் காட்டுக்குப் போனோமில்ல, அப்ப தச்சது" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் வந்தது அதற்காக இல்லை.

"பின்னாடி தெரு ஆளுங்க மனு குடுத்துகிறாங்கண்ணா. நம்ம நகர் இருக்கிற எடம் ஏரியாம். தண்ணி போறதுக்கு வழியில்லாம எங்க ஊடுங்க மறிச்சிகினு கீதாம். அதிகாரி வந்து பாக்கப் போறாராம். உங்களாண்டயும் கேப்பாங்களாமே, தவள மீனு பத்தியெல்லாம் காலேஜ்ல நடத்துறவரு நீங்கதான்னு." பிறகு, "இது நெஜமாவே ஏரியாண்ணா? ஊட்ட இடிச்சிடுவாங்களா?" என்றாள்.

நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பதில் இருப்பதுதான் சிக்கல். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீயோ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். நான் சொல்வது முழுவதையும் குறுக்கே பேசாமல் நீ கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

கள்ளிக்குப்பத்தில் உன் வீடு, அம்பத்தூர் பழைய ஊரில் என் வீடு. ஒரே ரயில், ஒரே கல்லூரி, ஒரே விலங்கியல் வகுப்பு. உன் அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டவர் என்பது நாம் பழகி ஒரு வருடம் கழித்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக நினைவே இல்லை. நீ அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் சொல்வதற்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு மழைக்காட்டுச் சூழலியல் வகுப்பு நடத்துகிறது, டிக்கெட்டும் சாப்பாடும் அவர்களே தருவார்கள் என்று துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எண்பதுகளின் கடைசி. வெளிநாடு என்றால் துபாய் என்று இருந்த காலம். வகுப்பில் எல்லோரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நீ மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாய். "போலாமா மாமே?" என்றாய். நம் கல்லூரியிலிருந்து விண்ணப்பித்தவர்களே நாம் இரண்டு பேர்தான். அதனால்தான் கிடைத்திருக்கும் என்று நான் எப்போதும் சொல்வேன். உனக்குக் கோபம் வரும்.

உங்கள் தெருவில் நீ வேலைக்குப் போகிறாய் என்றே நினைத்தார்கள். டீக்கடை அண்ணாத்தே, "மலேசியாவுல இன்னா வேல நைனா?" என்று கேட்டதும் நீ கொடுத்த பதிலும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வேல இல்லண்ணாத்தே, படிப்பு. காட்டுல தவள எண்ணப் போறோம்."

"அதுக்கு எதுக்குடா பிளேன்ல போற? மழ பேஞ்சா நம்ம தாங்கல்ல காது கிழியிற மாதிரி கத்துது. குந்திகினு எண்ணு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தாங்கல் நம் இரண்டு பேருக்கும் தெரிந்த சின்ன ஏரி. ஐப்பசியில் நிரம்பும், தை மாசியில் குட்டையாகும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் குடும்பத்து வயல் அதன் மதகுக்குக் கீழேதான் இருந்தது.

அட்டைக் காலுறை கொண்டு வர வேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். மவுண்ட் ரோடு வரைக்கும் தேடினோம், கேட்ட கடைக்காரர்கள் நம்மை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைலரிடம் காடாத்துணி வாங்கிக் கொடுத்துத் தைக்கச் சொன்னோம். "யாருக்குப்பா, யானக்குட்டிக்கா?" என்று கேட்டார். உன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துணியெல்லாம் அட்டைக்கு எந்த மூலைக்கு? போயிலத் தண்ணில ஊறப்போடு. நடவுக்குப் போறப்ப நான் கால்ல அத்தத்தான் தேச்சிகினு போவேன்" என்றார். ஒரு வாளியில் போயிலைத் தண்ணீர். அதில் இரண்டு நாள் ஊறிக் காய்ந்த காலுறையோடுதான் நாம் மீனம்பாக்கம் போனோம். சுங்க அதிகாரி பையைத் திறந்து முகர்ந்துவிட்டு உடனே மூடிவிட்டார்.

காட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்துவிட்டாய் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காடு என்றால் ஏதாவது கண்ணில் படும் என்று நினைத்துப் போனோம். எதுவுமே தெரியவில்லை. மத்தியானத்தில் இருட்டு. சுவர் மாதிரி வேர் விட்ட மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. வியர்வை வழியும், ஆனால் காயாது. துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்தது. தினமும் மழை. நம் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று பார்ப்பார்கள். அங்கே மழையை யாரும் பேச்சில்கூட எடுப்பதில்லை. எதுவும் தெரியாத அந்தக் காட்டில் எல்லாம் கேட்டது. மேலே, கீழே, பக்கத்தில், தூரத்தில், ஓயாத சத்தம்.

அங்கே நமக்குப் பாடம் நடத்திய பேராசிரியை அம்மாள் ஆண்கள் சட்டை போட்டு, கையில் குடைக்கம்போடு முன்னால் நடப்பார். ஓடைக்கரையில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, "முதலில் நில்லுங்கள். காடு உங்களை மறக்கட்டும். பிறகு எண்ணுங்கள்" என்பார். ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒருவன் தவளைச் சத்தத்தைக் கேட்டு எங்கே, எத்தனை என்று சொல்ல வேண்டும். மற்றவன் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் ஆமாம் என்றால்தான் எழுதலாம். இருவரும் ஒத்துக்கொள்ளாத எதையும் எழுதக் கூடாது, ஒற்றை ஆளின் கணக்கு செல்லாது. இதில் மட்டும் அந்த அம்மாள் ராட்சசி.

நீ சொன்னாய், நான் எழுதினேன். உன் காது அப்படி. நான் ஒரே இரைச்சலாகக் கேட்டதை நீ தனித்தனியாகப் பிரித்தெடுத்தாய்.

"இடது பக்கம், தண்ணியோரம், ஒண்ணு."

"இடது, தண்ணியோரம், ஒண்ணு."

"ஆமா மாமே. அதுக்கு மேல, கெளையில, டொக்கு டொக்குன்னு, ரெண்டு."

"மேல, கிளை, ரெண்டு."

"ஆமா மாமே."

தமிழில்தான் சொல்வோம். மற்ற நாட்டு மாணவர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். 'ஆமாமாமே' என்று ஒரே வார்த்தையாகச் சொல்லி நம்மைக் கேலி செய்தார்கள். சாப்பாட்டு மேசையில் நீ வாயே திறக்க மாட்டாய். இங்கிலீஷ் தடுக்கும், யாராவது ஏதாவது கேட்டால் என்னைப் பார்ப்பாய். ஆனால் ஓடைக்கரைக்குப் போய்விட்டால் எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். பெருமையும் இருந்தது. உன்னோடு வந்தவன் என்ற பெருமை.

கடைசி வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாயே, அதைத்தான் நான் இந்த வருடங்களில் அதிகம் நினைத்திருக்கிறேன். முதல் நாளே என்னிடம் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாய். மறுநாள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றாய். "எங்கள் ஊரில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் அதில் தண்ணீர் இருக்காது. அதில் எப்போது எண்ணுவது?"

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இந்தக் காட்டில் தினமும் மழை. அதனால் எந்த நாள் எண்ணினாலும் என் கணக்கு செல்லும். உங்கள் ஏரிக்கு என் முறை போதாது. மழைக்குக் காத்திருங்கள்" என்றார்.

திரும்பி நடக்கும்போது நீ கழுத்தில் ஏறியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "காத்துகினு இருக்க முடியலன்னா, 'பாக்கல'ன்னு எழுதணும் மாமே. 'இல்ல'ன்னு எழுதக் கூடாது. ரெண்டும் வேற வேற." அந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்டது எல்லாவற்றிலும் பெரியது அதுதான். அதைச் சொன்னது பேராசிரியை இல்லை, நீ. இன்றைக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

திரும்பி வந்ததும் அந்த ஐப்பசியில் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு தாங்கலுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? டீக்கடை அண்ணாத்தே, "நான் அப்பவே சொன்னனில்ல?" என்றார். கரையில் நின்றோம், காத்திருந்தோம், எண்ணினோம். பெரிய மஞ்சள் தவளை, தேரை, குளியலறைச் சுவரில் ஒட்டுமே அந்த மரத்தவளை, வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து முதல் மழைக்கு மேலே வரும் குண்டுத் தவளை. "அந்தக் காட்ட விட இங்க சத்தம் ஜாஸ்தி மாமே" என்று நீ குதித்தாய். வருடா வருடம் எண்ண வேண்டும், வேலை கிடைத்தாலும் கல்யாணம் ஆனாலும் ஐப்பசியில் இங்கே வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டு வருடம் வந்தோம்.

பிறகு எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கழிவு நீரைச் சோதிக்கும் வேலை பார்த்தாய், கம்பெனி மூடியது. அடுத்தது, அடுத்தது என்று மாறினாய். தவளை எண்ணத் தெரிந்தவனுக்கு அம்பத்தூரில் யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியில் ஒருவன் கொடுத்தான். கட்டடம் வருவதற்கு முன் அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதித் தரும் ஆபீஸ். உனக்கேற்ற வேலை என்று நான்தான் உன் முதுகில் தட்டினேன்.

அந்த ஆபீசுக்கு ஒரு நாள் நம் தாங்கல் வந்தது. மனை போடுகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று படித்தவன் ஒருவன் எழுதித் தர வேண்டியிருந்தது.

நீ என்னிடம் மறைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வெளியே, கையில் டீயோடு, நேராகவே சொன்னாய்.

"நம்ம தாங்கலுக்கு ரிப்போர்ட் குடுத்துட்டன் மாமே."

"எப்ப போய்ப் பாத்த?"

"போன வாரம்."

"போன வாரம் கத்திரி வெயிலுடா."

"ஆமா."

"தவளை?"

நீ டீயைப் பார்த்தாய். "இல்ல."

"இல்லன்னா? பாக்கலன்னு எழுதினியா, இல்லன்னு எழுதினியா?"

"இல்லன்னு."

என் குரல் உயர்ந்துவிட்டது. டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். உன் குரல் உயரவில்லை. "சொல்லிக் குடுத்த மாதிரியேதான் எண்ணுனேன். நின்னேன், கேட்டேன். எதுவும் கத்தல. கத்தாதத நான் எப்டி எழுத முடியும்?" என்றாய். எங்கே கற்றாய் இந்தச் சாமர்த்தியத்தை? தினமும் மழை பெய்யும் காட்டின் கணக்கை வெடித்த தரையில் வைத்து அளந்தவன், அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன். அந்தக் கேள்வியைக் கேட்டதே நீதானே! நீ நின்று கேட்ட அந்தத் தரைக்குக் கீழே, உன் செருப்புக்கு நேர் கீழே, அவை ஈரம் தேடி மண்ணுக்குள் கிடந்தன. உனக்குத் தெரியும். நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். யார் திருப்பிச் சொன்னார்கள் அந்தக் கணக்கை? யார் ஆமாம் என்றார்கள்? நீயே சொல்லி, நீயே ஆமாம் போட்டு, நீயே எழுதினாய்.

இதையெல்லாம் அங்கேயே கத்தினேன். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது.

"உங்க ஊட்டுக்கு அந்தத் தண்ணி நெல்லாச்சு. எங்கம்மாவுக்கு அந்தத் தண்ணில கெடச்சது அட்டதான். மதகுக்குக் கீழ வயல யாரு வித்தது? உங்க பெரியப்பா. வயலே இல்லாத ஊருக்கு ஏரி எதுக்குன்னு அப்ப யாராவது கேட்டீங்களா? இப்ப நான் எழுதுனதும் ஏரி ஞாபகம் வருது. மனையில எனுக்கும் ஒண்ணு தரேன்னுகிறாங்க மாமே. எனுக்கும் ஒரு ஊடு வேணும். என் பேருல."

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வயலை விற்றது பெரியப்பா, நான் இல்லை என்று வழியெல்லாம் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். நீ சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சல். முழுப் பொய் சொன்னவனை மறந்துவிடலாம். பாதி உண்மை சொல்லிவிட்டுப் போனவனோடு வருடக்கணக்கில் மனதுக்குள் சண்டை போட வேண்டியிருக்கிறது.

வேறு யாராவது அதை எழுதியிருந்தால் எனக்கு இத்தனை கசப்பு இருந்திருக்காது. இந்தப் பக்கத்தில் எத்தனை ஏரி போயிருக்கிறது, எல்லாவற்றுக்கும் நான் அழுதேனா என்ன? ஆனால் நீ எழுதினாய். அந்தக் காது எழுதியது. ஒரு காட்டையே தனித்தனியாகப் பிரித்துக் கேட்டவன், தன் ஊர்ச் சத்தத்தை இல்லை என்றான்.

மண் லாரிகள் வந்தன. நகர் வந்தது, அதற்கு ஒரு சாமி பெயரும் வந்தது. மூலை மனையில் நீ வீடு கட்டினாய். கிரகப்பிரவேசத்துக்குச் செல்வியும் நீயும் வீடு வரை வந்து அழைத்தீர்கள், வராமல் இருக்க முடியவில்லை. கேசரி நன்றாக இருந்தது. உன் அம்மா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களிடம் எல்லாம், "எம்புள்ள ஊடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது அன்றைக்கு ஒரு மணி நேரம் எனக்குக் கோபம் இல்லை. பின்பக்கம் கை கழுவப் போனபோது நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். தாழ்ந்த குரலில், "அஸ்திவாரம் தோண்டுனப்ப ஒரு குண்டுத் தவள வந்துச்சு மாமே. உசுரோட" என்றாய். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாய். அது மன்னிப்பா, கிண்டலா, வெறும் செய்தியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நம் இருவருக்குள் கடைசியாக நடந்த பேச்சு அதுதான். பிறகெல்லாம் பஸ்ஸில் கண்டால் தலையசைப்பு.

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே முற்றியிருந்ததாம். எனக்குச் செய்தி வந்தது நீ போன பிறகு. போன கார்த்திகை. நான்கு நாளாக மழை. உன் நகரின் முனையில் ஆட்டோ நின்றுவிட்டது. இதுக்கு மேல தண்ணி, நடந்துதான் போகணும் என்றார் டிரைவர். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் அளவு. பழைய கரை எங்கே இருந்ததோ, சரியாக அங்கேதான் தண்ணீர் ஆரம்பித்தது. லாரி லாரியாக மண் கொட்டியும் தண்ணீருக்கு இடம் மறக்கவில்லை.

உன்னை ஹாலில் பெஞ்சு மேல் கிடத்தியிருந்தார்கள், தரையெல்லாம் ஈரம். உன் அம்மா அதே நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி உள்ளே வர முடியாது என்றார்கள். முனை வரைக்கும் தோளில் தூக்கிப் போக வேண்டும். நானும் தோள் கொடுத்தேன். நீ கனமாக இல்லை.

மேளக்காரர்கள் முன்னால் போனார்கள். மேளத்தின் தோல் ஈரத்தில் தொய்ந்து சத்தமே எழவில்லை. வழக்கமாக வைக்கோலைக் கொளுத்திக் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். அன்றைக்குக் கொளுத்தக் காய்ந்த வைக்கோலும் இல்லை, வைத்துக் கொளுத்த ஒரு சாண் காய்ந்த தரையும் இல்லை. இரண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டு, "வேலைக்காவாது" என்று நிறுத்திவிட்டார்கள். உன் பாடையைத் தூக்கிய நாங்களும் வழி பார்த்துக் காலை வைக்க நின்றோம். எல்லாம் அடங்கியது.

அப்போது கேட்டது. பக்கத்துக் காலி மனையிலிருந்து முதலில் ஒன்று. பிறகு நகர் முழுக்க. பட்டப்பகலில், காது கிழிகிற மாதிரி. பெரியது, தேரை, மண்ணுக்குள் கிடந்து வரும் குண்டு, ஜன்னலோர மரத்தவளை. நீ இல்லை என்று எழுதியது எல்லாம் உன் சாவுக்கு வந்திருந்தது.

பழக்க தோஷம், என் வாய் தானாகவே சொன்னது. "இடது பக்கம், காலி மனை, பெரிசு, மூணு." சொல்லிவிட்டு நின்றேன். யாராவது திருப்பிச் சொல்ல வேண்டும் இல்லையா? எனக்கு முன்னால் தோள் கொடுத்திருந்த உன் மச்சினன் தலையைத் திருப்பி, "இன்னாண்ணா?" என்றான். ஒன்றுமில்லை, நட என்றேன்.

அன்றைக்கு அழாதவன் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது அழுதேன். உனக்காகவா, தாங்கலுக்காகவா என்று கேட்காதே.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, கொஞ்சம் முன்னால் உன் வீட்டுக்குப் போய்வந்தேன். சொன்ன வாக்குக்குப் போகாமல் இருக்க முடியாதே. இது மாசி. தெரு காய்ந்து புழுதி கிளம்புகிறது. ஹால் சுவரில் முழங்கால் உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது. அதை மறைக்கச் செல்வி ஒரு காலண்டரை இவ்வளவு தாழ்வாக மாட்டி வைத்திருக்கிறாள். உன் மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உன் அம்மாவுக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும், "எம்புள்ள ஊட்டுக்கு வந்தியாப்பா" என்றார்.

அதிகாரி எப்போது வருகிறாராம் என்று கேட்டேன்.

"சித்திரையிலண்ணா."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவரும் நின்று பார்ப்பார், காது கொடுத்துக் கேட்பார். எதுவும் கத்தாது.

"சொல்லுங்கண்ணா. உங்களாண்ட கேட்டா இன்னா சொல்லுவீங்க? இது ஏரியா?"

நான் காலண்டரைப் பார்த்தேன், உன் மகளைப் பார்த்தேன். பிறகு உன் வாக்கியத்தை எடுத்தேன். காட்டில், கழுத்தில் ரத்தம் வழிய, நீ எனக்குக் கொடுத்த அதே வாக்கியத்தை.

"நான் இங்க எதையும் பாக்கலம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப ஒண்ணும் இல்லன்னுதானண்ணா சொல்றீங்க?"

"பாக்கலன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணா" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி கலக்க உள்ளே போனாள்.

குடித்துவிட்டு வந்தேன். உன் காலுறை என் அலமாரியில் இருக்கிறது, என் துணியெல்லாம் இனிமேல் போயிலை நாறும், நாறட்டும். உன் பாடைக்குக் கீழே நின்று எண்ணியது ஒன்று விடாமல் எனக்குள் இருக்கிறது. இடது பக்கம், காலி மனை, பெரிசு, மூணு. ஜன்னலோரம், மரத்தவளை, ரெண்டு. வலது பக்கம், உன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, குண்டு, ஒண்ணு. எங்கேயும் எழுதவில்லை. நீ "ஆமா மாமே" என்று சொல்லாமல் எழுதக் கூடாது என்பதுதானே விதி. நீ இனி சொல்லப்போவதில்லை. எழுதாமல் இருப்பதற்கு அது எனக்கு வசதியாக இருக்கிறது. உன்மேல் எனக்கு மிச்சம் இருக்கிற கோபம் அதுதான்.